ஊர் காட்டும் கலை

கல்விச் சுற்றுலா என்று பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் வருஷந்தோறும் நடத்துகிறார்களே, அதையும் ஓர் இலக்கிய உருவமாக வைத்துக்கொண்டு விமர்சனம் செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கதைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. கதை சொல்கிறவர் ஒருவர்: வழிகாட்டி, அல்லது சரித்திர உபாத்தியாயர். கேட்கிறவர்கள் நாற்பது ஐம்பது பேர். ஆரம்பம் உண்டு, உச்சம் உண்டு, கடைசியில் பஸ் ஏறித் தலைகளை எண்ணுவதும் உண்டு. கதாநாயகன் ஓர் ஊர். ஊரைக் கதாநாயகனாக வைத்துக் கதை சொல்வது லேசான காரியம் அல்ல. முயன்று பார்த்த நாவலாசிரியர்களைக் கேட்டால் தெரியும். நாம் நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம், கச்சேரிக்கு எழுதுகிறோம். ஐம்பது குழந்தைகளின் மனத்தில் ஓர் ஊரைப் பற்றிய சித்திரத்தை ஒரே பகலில் எழுதிவிட்டுப் போகிற இந்தக் கலைக்கு மட்டும் மதிப்புரை எழுதுவார் இல்லை.

மதுரையை எடுத்துக்கொள்கிறேன். பழைய ஊர் என்றால் தமிழனுக்கு முதலில் நினைவு வருவது அதுதான். சுற்றுலாக் கூட்டங்களும் அங்கேதான் அதிகம். வெளி ஜில்லாவிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்களும் பெண்களுமாக 42 பேர், அவர்களோடு இரண்டு ஆசிரியர்கள், ஒரு வழிகாட்டி. இவர்களோடு ஒரு நாள் முழுவதும் நானும் சுற்றினேன். காலையில் கோயில், அப்புறம் திருமலை நாயக்கர் மகால், சாப்பாடு, காந்தி மியூசியம், தெப்பக்குளம், பொழுது சாய்வதற்குள் கீழடி. ஒரு பகலுக்கு இது அதிகம் என்றாலும் திட்டத்தைக் குறை சொல்லமாட்டேன். வழிகாட்டியும் கெட்டிக்காரர். குரல் நன்றாக இருந்தது. வருஷங்களைத் தப்பில்லாமல் சொன்னார். குழந்தைகளைச் சிரிக்க வைத்தார். அப்படியிருந்தும் அந்தக் கதை கதையாகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதுதான் என் விஷயம்.

அவர் சொன்ன கதையின் கட்டுக்கோப்பு இது: பாண்டியன் கட்டினான், 1311-ல் மாலிக் காபூர் வந்தான், பிறகு சுல்தான்கள், பிறகு விசுவநாத நாயக்கர் வந்து கட்டினார், திருமலை நாயக்கர் இன்னும் பெரிதாகக் கட்டினார், பிறகு வெள்ளைக்காரன் வந்தான், பிறகு சுதந்திரம் வந்தது, இதோ நாம் நிற்கிறோம். இதில் ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆனால் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஊருக்கு என்ன ஆயிற்று என்பது இல்லை. அரங்கில் விளக்கை அணைத்துவிட்டு ஸீனை மாற்றுகிற மாதிரி, இருட்டில் எல்லாம் மாறிவிடுகிறது. வெளிச்சம் வரும்போது புது ராஜா நிற்கிறார். ஊர் மாறுகிற விதத்தைக் காட்டத்தானே குழந்தைகளை அழைத்து வந்தது? மாற்றமெல்லாம் இருட்டில் நடந்துவிட்டால் அவர்கள் பார்த்தது என்ன?

இதை ஒரு பையனே கண்டுபிடித்துவிட்டான். பஸ் போய்க்கொண்டிருந்தபோது கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தவன், “சார், மேலவாசல்னு போட்டிருக்கு. அப்புறம் தெற்குவாசல்னு போட்டிருக்கு. வாசல் எங்கே சார்?” என்று கேட்டான். வழிகாட்டி திரும்பிப் பார்த்து, “அது ஏரியா பேருப்பா தம்பி. நாம பாக்கப் போறது மகால்” என்றார். பையன் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு நாள் முழுவதும் கேட்கப்பட்ட கேள்விகளில் நல்ல கேள்வி அது ஒன்றுதான். அதற்குப் பதில் சொல்லியிருந்தாலே அந்தப் பிரயாணம் பிரயாணமாகியிருக்கும்.

வாசல் எங்கே என்றால், இடித்துவிட்டார்கள். மதுரையைச் சுற்றி நாயக்கர் காலத்துக் கோட்டை ஒன்று இருந்தது. 72 கொத்தளங்கள் என்றும், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்றும் சொல்வார்கள். வெளியே அகழி. 1763-லும் 1764-லும் யூசுப்கானைப் பிடிப்பதற்காகக் கும்பெனிப் படை மாதக்கணக்கில் அந்தச் சுவரை முட்டிக்கொண்டு கிடந்தது. அப்புறம் தேசம் முழுவதும் கும்பெனிக் கைக்கு வந்த பிறகு கோட்டைக்கு வேலை இல்லாமற் போயிற்று. உள்ளே ஜனங்கள் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். வெளியே அகழித் தண்ணீர் நாறிக்கொண்டு கிடந்தது. 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் என்பவர் சுவரை இடித்து அகழியைத் தூர்த்துவிடத் தீர்மானித்தார். இதற்குச் சர்க்கார் பணத்தைக் கொட்டவில்லை. சுவரில் ஒரு பங்கை இடித்து, அகழியில் ஒரு பங்கை நிரப்பிக்கொள்கிறவருக்கு அந்த நிலத்தைச் சகாயமாகக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். அப்புறம் கேட்பானேன்? ராஜாக்கள் கட்டிய கோட்டையை வீடு இல்லாத ஜனங்களே இடித்து, அந்த மண்ணாலேயே பள்ளத்தை மேடாக்கி, அதன் மேல் குடியேறினார்கள்.

கோட்டை போன இடத்தில் வெளி வீதிகள் வந்தன. வேலையை அளந்து நடத்திய மாரட் என்ற வெள்ளைக்காரர் பெயரில் மாரட் வீதி. கிட்ட நின்று ஆள் வைத்து வேலை வாங்கிய பெருமாள் என்ற மேஸ்திரியின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. உலகத்தில் எத்தனை ஊர்களில் ஒரு மேஸ்திரியின் பெயரை ஊரின் பிரதான வீதிகளுக்கு வைத்திருப்பார்களோ, எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று தெய்வத்தின் திருவிழா மாதங்கள் பெயராக நிற்கிற ஊரில், அந்த வரிசைக்கு அடுத்தாற்போல் ஒரு மேஸ்திரி நிற்கிறார். இதைச் சொன்னால் எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது? கூட்டத்தில் மேஸ்திரி வீட்டுப் பிள்ளை ஒருவன் இருந்திருந்தால், அன்றைக்கு அவன் மதுரையை எப்படிப் பார்த்திருப்பான்! பிளாக்பர்னுக்காக ஊரார் வைத்த விளக்குத்தூண் இன்றும் நாற்சந்தியில் நிற்கிறது. எங்கள் பஸ் அதைத் தாண்டித்தான் போயிற்று. வழிகாட்டி அப்போது திருமலை நாயக்கரின் உயரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கும் முந்திய ஒரு இடிப்பு உண்டு. கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசல் என்று ஓர் இடம். பாண்டியர் காலத்துக் கோட்டை சின்னது. விசுவநாத நாயக்கர் அதை இடித்துவிட்டு அதற்கு வெளியே பெரிதாகக் கட்டினார். பழைய கோட்டையின் கீழ்ப்புற வாசலை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். விட்ட வாசல், விட்டவாசல். கட்டிடமும் நிற்கிறது, பெயரும் நிற்கிறது. அங்கிருந்து இன்னும் கிழக்கே போனால் கீழவாசல். அங்கே பெயர் மட்டும்தான் இருக்கிறது, வாசல் இல்லை. ஒரு வாசலுக்கும் மற்றொரு வாசலுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் ஊர் வளர்ந்த அளவு. நடந்தே அளந்துவிடலாம். அடிக்கோல் வேண்டாம்.

ரோமாபுரியில் ஸான் கிளெமெந்தே என்று ஒரு சர்ச் இருக்கிறது. தெரு மட்டத்தில் இருப்பது 12-ஆம் நூற்றாண்டுக் கட்டிடம். படியிறங்கினால் கீழே 4-ஆம் நூற்றாண்டின் சர்ச். இன்னும் இறங்கினால் ரோமர் காலத்து வீடும் மித்திரன் என்ற தெய்வத்தின் சன்னிதியும். சரித்திரம் அங்கே அடுக்குப் பாத்திரம் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பதால் சுற்றுலாக்காரனுக்குச் சௌகரியம். கீழே இறங்கினால் காலம் பின்னால் போகிறது. மதுரையில் காலம் அப்படி இல்லை. அது குளத்தில் கல்லெறிந்த அலை மாதிரி வட்டம் வட்டமாக வெளியே போயிருக்கிறது. இறங்கிப் பார்க்கிற ஊர் அல்ல, சுற்றிப் பார்க்கிற ஊர். நம் பஸ்களோ சுற்றுவதே இல்லை. ஒரு புள்ளியில் இறக்கி இன்னொரு புள்ளியில் ஏற்றுகின்றன.

வீதிகளின் பெயரிலேயே இன்னொரு வேடிக்கை இருக்கிறது. சித்திரைத் திருவிழாத் தேர் எந்த வீதியில் ஓடுகிறது? மாசி வீதியில். சித்திரையில் நடக்கிற உற்சவத்துக்கு மாசி வீதி எதற்கு என்று கேட்டால், மாசியில் நடந்துகொண்டிருந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்துவைத்தார் என்று ஊரில் பரம்பரையாகச் சொல்வார்கள். திருவிழா நகர்ந்துவிட்டது; பெயர் நகரவில்லை. சைவத்தையும் வைணவத்தையும் சேர்த்தார் என்று புகழ்வது வழக்கம். அதுவும் இருக்கலாம். அறுவடை முடிந்து கையில் காசும் நேரமும் உள்ள மாதத்தில் சுற்றுப்புறத்துக் கிராமமெல்லாம் தலைநகரில் வந்து கூடினால் ராஜாவுக்கு என்ன லாபம் என்பதையும் ஒரு பெரிய வகுப்புப் பையனிடம் கேட்டுப் பார்க்கலாம். அவனே பதில் சொல்லிவிடுவான்.

மகாலுக்கு வருவோம். “1636-ல் கட்டினார், இப்போது இருப்பது நாலில் ஒரு பங்குதான், மற்றதெல்லாம் காலத்தால் அழிந்துவிட்டது” என்றார் வழிகாட்டி. காலம் என்பது என்ன கடப்பாரையா? அழித்தவர் திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர். தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோனபோது பாட்டனார் மாளிகையிலிருந்து வேண்டியதையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போனார். மிச்சம் இருந்ததை, 1866 முதல் 1872 வரை சென்னையில் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். பின்பு அங்கே ஜில்லாக் கோர்ட்டு நடந்தது. ராஜா தீர்ப்புச் சொன்ன மண்டபத்தில் முன்சீபும் ஜட்ஜும் தீர்ப்புச் சொன்னார்கள். தூணுக்குத் தூண் வக்கீல்களும் கட்சிக்காரர்களும் நின்றார்கள். இந்த இரண்டாவது வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருமலை நாயக்கர் 1659-ல் செத்துப்போனார். கட்டிடம் அதற்கப்புறம் மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருந்துகொண்டிருக்கிறது. அவர் அதில் இருந்தது 23 வருஷம்.

மகாலின் மற்றொரு துண்டைப் பார்க்க வேண்டுமானால் டிக்கெட்டு வேண்டியதில்லை. விளக்குத்தூணுக்குப் பக்கத்துச் சந்தில் பத்துத் தூண்கள் ஆகாயத்தை நோக்கி நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றைத் தாங்கி நின்ற மண்டபமும் இல்லை, அவை தாங்கிய கூரையும் இல்லை. சுற்றிலும் ஜவுளிக்கடைகள். தீபாவளி சமயத்தில் பத்துத்தூண் சந்துக்குப் போனவர்கள் தூணைப் பார்த்திருக்க மாட்டார்கள்; துணியைப் பார்த்திருப்பார்கள். அங்கிருந்து மகால் வரைக்கும் தெருக்கள், வீடுகள், சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள், சாயம், நூல். நவபத்கானாத் தெரு என்று ஒன்று. அரண்மனையில் மேளம் கொட்டின இடம். இப்போது மேளம் இல்லை, பெயர் கொட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பத்துத் தூணிலிருந்து மகால் வாசல்வரை குழந்தைகளை நடத்திக் கூட்டிப்போனால் மாளிகை எவ்வளவு பெரியது என்று கால் சொல்லும். வழிகாட்டி சொல்ல வேண்டாம். ஆனால் அந்தச் சந்தில் பஸ் போகாது. ஆகவே அது சரித்திரத்தில் இல்லை.

ரயிலைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கோயிலின் முகம் கிழக்கு. மண்டபமும் சத்திரமும் பழைய கடைவீதியும் கிழக்கே. 1875-ல் ரயில் வந்தபோது ஸ்டேஷன் மேற்கே அமைந்தது. அன்றிலிருந்து ஊருக்கு வருகிறவன் கோயிலின் பின்பக்கமாக வருகிறான். டவுன்ஹால் ரோடும், ஹோட்டல்களும், லாட்ஜுகளும் அந்தப் பக்கத்தில் முளைத்தன. ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது என்று சொல்லலாம். இதை எந்த ராஜாவும் செய்யவில்லை, ரயில்வே எஞ்சினீயர்கள் செய்தார்கள். நாங்கள் வந்த பஸ்ஸும் மேற்கேதான் நின்றது. குழந்தைகள் பார்த்த முதல் கோபுரம் மேலக்கோபுரம். அதையே முன்கோபுரம் என்று பாதிப் பேர் நோட்டில் எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதியதில் தப்பில்லை. ஏன் அப்படித் தோன்றுகிறது என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

ஊர் காட்டும் கலை நமக்குப் புதிது அல்ல. மாங்குடி மருதனார் 782 அடியில் ‘மதுரைக்காஞ்சி’ பாடினாரே, அது என்ன? பாண்டியனுக்கு நிலையாமையைச் சொல்ல வந்த கவி, அவன் ஊரையே அவனுக்குச் சுற்றிக் காட்டுகிறார். நாளங்காடி, அல்லங்காடி, கொடி கட்டிய தெரு, பூ விற்கிறவர்கள், சங்கு அறுக்கிறவர்கள், ராத்திரி ஒவ்வொரு யாமத்திலும் யார் தூங்குகிறார்கள், யார் விழித்திருக்கிறார்கள் என்பது வரைக்கும் சொல்லி மறுநாள் விடியலில் கொண்டுவந்து விடுகிறார். ஒரு பகலும் ஓர் இரவும் ஊர் மாறிக்கொண்டே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை என்றே ஒன்று உண்டு. காலையில் மதுரைக்குள் போன கோவலன் வீதி வீதியாகப் பார்த்துக்கொண்டு போகிறான். ரத்தினக் கடை, துணிக்கடை, கூலக்கடை எல்லாம் வருகின்றன. அரண்மனை எத்தனை வருஷத்தில் கட்டப்பட்டது என்று இளங்கோ சொல்லவில்லை. அந்த ஊர் மறுநாள் எரியப்போகிறது என்று தெரிந்த வாசகனுக்கு ஒவ்வொரு கடையும் வயிற்றைக் கலக்குகிறது. நம் வழிகாட்டிகளிடம் இல்லாதது இதுதான். அவர்கள் காட்டுகிற ஊரில் ஜனங்கள் இல்லை. ஆகவே எது நடந்தாலும் யாருக்கும் எதுவும் ஆவதில்லை.

கீழடியில் அவர் பாடு மிகவும் கஷ்டமாகிவிட்டது. 2015-ல் தோண்டத் தொடங்கிய இடம். 2023-ல் அழகான மியூசியம் திறந்திருக்கிறார்கள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டுவரை போகிறது என்று மாநிலத் தொல்லியல் துறை 2019-ல் அறிக்கை வெளியிட்டது. செங்கல் சுவர், உறைகிணறு, பகடைக்காய், தக்களி, பானை ஓடு. ஓட்டில் கீறிய பெயர்கள்: ஆதன், குவிரன். ராஜா ஒருவர்கூட இல்லை. காலையிலிருந்து ராஜாக்களைப் பிடித்துக்கொண்டே நடந்துவந்த வழிகாட்டிக்கு இங்கே பிடிமானம் நழுவிவிட்டது. “நம்ம முன்னோர்கள் ரொம்பப் பெருமையா வாழ்ந்தாங்க” என்று சொல்லிவிட்டு நேரமாகிறது என்றார். குழந்தைகளோ அன்றைக்கு முதன்முதலாக அங்கேதான் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். தன் பெயரைப் பானையில் கீறிவைக்கிற ஆசை அவர்களுக்குத் தெரிந்த ஆசை. பெஞ்சில் கீறியிருக்கிறார்கள்.

கல் நகர்ந்தால்தான் ஊர் மாறுகிறது என்பதும் இல்லை. 1939-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி அ. வைத்தியநாதய்யர், கக்கனையும் வேறு சிலரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அதுவரை அவர்களுக்கு உள்ளே இடம் இல்லை. அன்றைக்கு ஒரு கல்லும் பெயரவில்லை, ஒரு தூணும் நடவில்லை. கோபுரங்கள் முதல் நாள் நின்ற இடத்திலேயே நின்றன. ஆனால் 7-ஆம் தேதி இருந்த மதுரையும் 9-ஆம் தேதி இருந்த மதுரையும் ஒன்றல்ல. சட்டமும் அதற்குப் பிறகுதான் வந்தது. என்னைக் கேட்டால் அந்தக் கோயிலில் நடந்த காரியங்களில் மாலிக் காபூர் வந்ததற்குக் குறைந்தது அல்ல இது. எங்களோடு வந்த 42 பேரும் காலையில் வரிசையாக உள்ளே போனார்கள். அவர்களில் எத்தனை பேருடைய கொள்ளுத்தாத்தா அந்த வாசலில் நிறுத்தப்பட்டிருப்பார் என்று நான் எண்ணிப் பார்த்தேன். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் ஆயிரம் இல்லை, 985 என்பதை மட்டும் வழிகாட்டி மறக்காமல் சொன்னார். குழந்தைகளும் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு நாள் சுற்றுலாவில் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா, இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா என்று சிலர் நினைக்கக்கூடும். விஷயம் வெறும் அறிவுக் குறைவோடு நின்றுவிட்டால் நானும் இவ்வளவு பேச மாட்டேன். புதுமண்டபத்தின் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. சுற்றிலும் தண்ணீர் நிரப்பிக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வதற்கு வசதி. காலக்கிரமத்தில் அது கடைத்தெருவாகிவிட்டது. தூணுக்குத் தூண் தையல் மெஷின், பாத்திரக்கடை, வளையல், பெரிய எழுத்துக் கதைப் புஸ்தகங்கள், பஞ்சாங்கம். அழகர் ஆற்றில் இறங்கும்போது வேஷம் போடுகிறவர்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தவர்கள் அங்கே இருந்த தையல்காரர்கள். அண்மை வருஷங்களில் கடைகளைக் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு வழிகாட்டி, “ஆக்கிரமிப்பை எடுத்து பழைய நிலைக்குக் கொண்டுவந்துட்டாங்க” என்றார். குழந்தைகள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

கடைகள் போனதில் எனக்கு ஆட்சேபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். துணி மூட்டைகளுக்குப் பின்னால் அந்தச் சிற்பங்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சுத் திணறிக்கொண்டு இருந்தன. தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று பயந்தவர்களில் நானும் ஒருவன். என் ஆட்சேபம் அந்தத் தலையாட்டலுக்கு. பழைய நிலை என்றால் எந்தப் பழைய நிலை? 17-ஆம் நூற்றாண்டு ஒன்றுதான் பழையது, பிறகு வந்த தையல்காரரின் தாத்தா பழையவர் இல்லை என்று அந்தக் குழந்தைகளுக்கு யார் சொன்னது? காலையிலிருந்து நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ராஜா கட்டியது சரித்திரம். மற்றதெல்லாம் அதன் மேல் படிந்த அழுக்கு. இப்படிப் படித்துவிட்டுப் போகிறவர்களில் சிலர் நாளைக்கு எஞ்சினீயர்களாகவும் கலெக்டர்களாகவும் வருவார்கள். ரோடு அகலப்படுத்த வேண்டும் என்று ஒரு வரைபடம் மேஜைக்கு வரும். அதில் ஒரு சந்தும் அதில் உள்ளவர்களும் பென்சில் கோட்டுக்குள் இருப்பார்கள். அப்போதும் தலை தானாக ஆடும்.

ஏழுகடல் தெருவில் இதற்கு நேர்மாறான காரியம் நடந்திருக்கிறது. புதுமண்டபத்துக்குக் கிழக்கே ஏழுகடல் என்று ஒரு தீர்த்தம் இருந்தது. காஞ்சனமாலை கடலாட வேண்டும் என்று ஆசைப்பட, சுவாமி ஏழு கடலையும் அங்கே வரவழைத்தார் என்று புராணம். இப்போது அந்த இடத்தில் வணிக வளாகம் நிற்கிறது. அகஸ்தியர் ஒரு கடலைத்தான் குடித்தார். ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்தில், மண்டபத்திலிருந்து கடையை எடுத்திருக்கிறார்கள். குளத்தின் மேல் கடையை வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற குழந்தைக்குத்தான் எது சரி, எது தப்பு என்று யோசனை ஓடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வெறும் தகவல்.

பாட்ரிக் கெடஸ் என்று ஸ்காத்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார். படித்தது ஜீவசாஸ்திரம், ஆகவே ஊரையும் ஜீவனுள்ளதாகவே பார்த்தார். எடின்பரோவில் 1892-ல் ஓர் உயரமான கட்டிடத்தை வாங்கி, மக்களை முதலில் உச்சிக்கு ஏற்றி ஊரைக் காட்டுவார். பிறகு ஒவ்வொரு மாடியாக இறக்கி, அந்த ஊரின் சரித்திரம், தேசம், கண்டம், உலகம் என்று விரித்துக்கொண்டு போவார். இந்தியாவுக்கு 1914-ல் வந்தார். அவர் நகரக் கண்காட்சிக்கான படங்களையும் வரைபடங்களையும் ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான். மனிதர் அசரவில்லை. மறுபடி சேகரித்து 1915-ல் சென்னையிலேயே கண்காட்சி நடத்தினார். மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் போய்ச் சந்து சந்தாக நடந்து அறிக்கை எழுதினார். நேர்க்கோடு போட்டு வீடுகளை இடித்து ரோடு வெட்டுகிறவர்கள் மேல் அவருக்குக் கோபம். பாழடைந்த ஒரு சுவரை இங்கே எடு, அந்த மூலையைக் கொஞ்சம் ஒதுக்கு, ஒரு மரம் வை, மற்றதைத் தொடாதே என்பது அவர் வைத்தியம். ஊரைத் திருத்த வருகிறவன் முதலில் அதில் நடக்க வேண்டும் என்றார். அந்த நடையைத்தான் நான் இந்தச் சுற்றுலாக்காரர்களிடம் கேட்கிறேன்.

அன்று மாலை அந்த ஆசிரியர்களில் ஒருவரிடம் இதில் சிலவற்றைச் சொன்னேன். நல்ல மனிதர். வெயிலில் 42 பிள்ளைகளை மேய்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. “நீங்க சொல்றது சரிதாங்க ஐயா. ஆனா பரீட்சைல மகால் எப்ப கட்டினாங்கன்னுதான் கேப்பான். எப்ப இடிச்சாங்கன்னு கேக்கமாட்டானே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கேள்வித்தாள் எழுதுகிறவர்களிடம் கேட்க வேண்டிய விஷயம் அது.

இருந்தாலும், அடுத்த வருஷம் மதுரைக்கு வருகிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு யோசனை சொல்லத் தோன்றுகிறது. செலவு இல்லாத யோசனை. பஸ்ஸைப் பெரியார் பஸ் நிலையத்துக்கு அருகில் விட்டுவிடுங்கள். கோட்டையின் மிச்சத் துண்டு ஒன்று மேல வெளி வீதியில் அங்கேதான் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே நடக்கட்டும். பெருமாள் மேஸ்திரி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று ஒவ்வொன்றிலும் பெயர்ப் பலகையைக் குழந்தைகளே படிக்கட்டும். கோயிலைப் பார்த்துவிட்டுக் கிழக்கே வெளியே வரட்டும். புதுமண்டபம், ஏழுகடல் தெரு, விட்டவாசல், விளக்குத்தூண், பத்துத் தூண், கடைசியில் மகால். எழுத்தாணிக்காரத் தெரு என்ற பலகை கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று, இந்தத் தெருவுக்கு வேலை போனது எப்போது என்று கேட்கலாம். வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து ஜிகர்தண்டா சாப்பிட்டுவிட்டு, கடைக்காரரையும் இரண்டு கேள்வி கேட்கலாம்; அவர் அப்பா எங்கே கடை வைத்திருந்தார், தாத்தா எங்கே வைத்திருந்தார் என்று. வெயிலுக்கு முன்னால் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் நல்லது. சித்திரையில் மட்டும் வேண்டாம். நெரிசலில் பிள்ளைகளை எண்ணி முடியாது.